லத்தீன் சொற்களை வாலோடு பிடியுங்கள்

நாம் தினமும் ஏறி இறங்கும் 'பஸ்' என்ற சொல்லுக்கு லத்தீனில் தனியாக ஒரு பொருளும் கிடையாது. அது வெறும் வேற்றுமை உருபின் துண்டு. முழுச்சொல் 'ஒம்னிபுஸ்'. 'ஒம்னிஸ்' என்றால் எல்லாம், ஒவ்வொரு. அதன் பன்மையில் 'க்கு' சேர்ந்த வடிவம்தான் ஒம்னிபுஸ், அதாவது 'எல்லோருக்கும்'. 1820களில் பிரான்ஸில், காசு கொடுத்தால் யாரும் ஏறிக்கொள்ளலாம் என்று குதிரை வண்டிகள் ஓடத் தொடங்கியபோது அவற்றுக்கு இந்தப் பெயர் வந்தது. பிறகு ஆங்கிலேயர்கள் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 'அனைவருக்கும்' என்பதிலிருந்து 'க்கும்' என்பதை மட்டும் பிய்த்து ஒரு வண்டிக்குப் பெயர் வைத்தால் எப்படியோ, அப்படி. தமிழ்நாட்டில் தனியார் தொலைதூரப் பேருந்தை 'ஆம்னி பஸ்' என்கிறோம். வெட்டுப்பட்ட தலை இங்கே வந்துதான் வாலோடு மறுபடி ஒட்டிக்கொண்டது.

லத்தீன் படிக்கத் தொடங்கும் பலரும் முதலில் ஒரு நோட்டில் இடப்பக்கம் லத்தீன் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்வார்கள். நூறு சொல் தேறியதும் ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்துப் பார்த்தால், மனப்பாடம் செய்த சொல் எதுவும் அதே உருவத்தில் அங்கே இருக்காது. காரணம், லத்தீனில் பொருளில் பாதி சொல்லின் கடைசியில் இருக்கிறது. யார் செய்தது, யாரைச் செய்தது, யாருக்குச் செய்தது எல்லாம் அந்த வாலில்தான். ஆங்கிலம் வழியாக இதை விளக்கும் புத்தகங்கள் பக்கம் பக்கமாக மூச்சு வாங்கும். நண்பன், நண்பனை, நண்பனுக்கு, நண்பனால் என்று பேசியே வளர்ந்தவருக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. லத்தீனை ஆங்கிலத்தின் தாத்தாவாக நினைத்துப் படிப்பதைவிட, தமிழைப் போல உருபு ஏற்றும் ஒரு மொழியாக நினைத்துப் படித்தால் வேலை பாதியாகக் குறையும்.

ஒலியை முதலில் முடித்துவிடுவோம். லத்தீனுக்கு ஐந்து உயிரொலிகள், ஒவ்வொன்றிலும் குறிலும் நெடிலும் உண்டு. அ ஆ, இ ஈ, உ ஊ, எ ஏ, ஒ ஓ என்று நம் நெடுங்கணக்கில் இருப்பது அப்படியே. கூட்டொலிகளில் அதிகம் வருபவையும் ஐ, ஔ தான். ரோமானிய எழுத்து வழக்கமாகக் குறில் நெடிலைக் காட்டாது. பாடநூல்கள் நெடிலின் தலையில் கோடு போட்டுக் காட்டும். தமிழில் எழுதினால் அந்தக் கோடே வேண்டாம். 'வெனிட்' என்றால் வருகிறான், 'வேனிட்' என்றால் வந்தான். 'ஒஸ்' எலும்பு, 'ஓஸ்' வாய். 'மலும்' தீமை, 'மாலும்' ஆப்பிள். 'லிபெர்' புத்தகம், 'லீபெர்' சுதந்திரமான ஆள்.

மெய்யெழுத்தில்தான் தமிழ் தடுமாறும், நமக்கு வல்லினத்துக்கு ஓர் எழுத்துதானே. அரசன் 'ரேக்ஸ்', அரசனுடைய 'ரேகிஸ்'. இந்தக் கி 'அங்கி'யில் வரும் கி. நண்பன் 'அமீகுஸ்'. இந்தக் கு 'பாக்கு' என்பதில் வரும் கு. கீழே ட வரும் இடங்களில் நாக்கை மேலே வளைக்காமல் பல்லின் பின்பக்கம் வைத்துச் சொல்லுங்கள், ரோமர்களின் ஒலிக்கு நெருங்கிவிடும். இது கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டில் ரோமில் இருந்த உச்சரிப்பை ஒட்டியது. இத்தாலிய வாடை அடிக்கும் தேவாலய உச்சரிப்பு ஒன்றும் இருக்கிறது. அதில் 'கெ, கி' என்பவை 'செ, சி' ஆகும், 'ஐ' என்பது 'ஏ' ஆகும். எதைப் பிடித்தாலும் சரி, இரண்டையும் கலக்காதீர்கள்.

பெயர்ச்சொல்லின் இரண்டாம் வடிவம்

அமீகுஸ் என்றால் நண்பன். அமீகும், நண்பனை. அமீகீ, நண்பனுடைய. அமீகோ, நண்பனுக்கு. அதே அமீகோ வேறொரு இடத்தில் நண்பனால், நண்பனோடு, நண்பனிடமிருந்து. கூப்பிடும்போது அமீகெ, நண்பனே! நம் இலக்கணம் எட்டு வேற்றுமை சொல்கிறது, லத்தீன் பாடநூல்கள் பொதுவாக ஆறு சொல்லும். குறையும் இரண்டும் எங்கேயும் போய்விடவில்லை. 'அப்லேட்டிவ்' என்று ஒரு வேற்றுமை, நம்முடைய மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளின் வேலையைத் தனி ஆளாகப் பார்க்கிறது. ஆல், ஓடு, இருந்து, இல் எல்லாம் அதற்குள் அடக்கம். எந்த இடத்தில் எது என்பதை முன்னால் நிற்கும் சிறு சொல்லோ வாக்கியமோ காட்டிக்கொடுக்கும்.

சொல் வரிசையைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஸெர்வுஸ் அமீகும் விதெட்' என்றால் அடிமை நண்பனைப் பார்க்கிறான். 'அமீகும் ஸெர்வுஸ் விதெட்' என்று புரட்டிப் போட்டாலும் நண்பனை அடிமை பார்க்கிறான், அவ்வளவுதான். அழுத்தம் மாறும், செய்தி மாறாது. வினை பெரும்பாலும் கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் இருக்கிற 'ஏ', 'தி' போன்ற தொல்லைகள் லத்தீனில் கிடையாது.

இந்த ஒப்புமை புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்க் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716இல் ஜெர்மனியின் ஹாலெ நகரில் அச்சிட்டார். வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் (பேச்சுத்தமிழ்) இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தவரும் அவரே. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்குத் தமிழின் வேற்றுமையைப் புரியவைக்க அவர்கள் லத்தீனைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் அதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து நடக்கிறோம்.

சரி, அகராதிக்கு வருவோம். லத்தீன் அகராதியில் நீர் என்ற சொல்லைத் தேடினால் 'அக்வ, அக்வை' என்று இரண்டு வடிவம் கொடுத்திருப்பார்கள். இரண்டாவது ஆறாம் வேற்றுமை, 'நீருடைய'. தொடக்கக்காரர்கள் இந்த இரண்டாவதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். மரம் என்ற சொல்லில் ஐ சேர்த்தால் 'மரமை' என்று யாரும் சொல்வதில்லை, மரத்தை என்கிறோம். வீடு, வீட்டை. ஆறு, ஆற்றை. உருபு ஏறும்போது சொல்லின் அடிப்பகுதி மாறுகிறது. லத்தீனிலும் இதேதான். இரவு 'நொக்ஸ்', ஆனால் இரவினுடைய 'நொக்டிஸ்'. உடல் 'கொர்புஸ்', உடலினுடைய 'கொர்பொரிஸ்'. வேலை 'ஒபுஸ்', வேலையினுடைய 'ஒபெரிஸ்'. தலை 'கபுட்', தலையினுடைய 'கபிடிஸ்'. அந்தக் கடைசி 'இஸ்' என்பதைக் கழற்றினால் கையில் மிஞ்சுவது அடிச்சொல். மற்ற உருபுகள் எல்லாம் அதன் மேல்தான் ஏறும்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஆங்கிலச் சொற்களும் பெரும்பாலும் அந்த அடியிலிருந்து வந்தவைதான். ஆபரேஷன் என்பதில் இருப்பது ஒபெர், கேப்பிட்டலில் இருப்பது கபிட். மாநகராட்சியைக் கார்ப்பரேஷன் என்கிறோமே, அதற்குள் கொர்பொர் இருக்கிறது: பலர் சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஓர் உடல் ஆனது என்ற எண்ணம். கொர்புஸ் என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த 'ர' எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாது.

இரண்டாம் வடிவத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. லத்தீன் பெயர்ச்சொற்கள் ஐந்து குடும்பமாகப் பிரியும். ஆறாம் வேற்றுமையில் ஐ என்று முடிந்தால் முதல் குடும்பம், ஈ என்றால் இரண்டாவது, இஸ் மூன்றாவது, ஊஸ் நான்காவது, ஏயீ ஐந்தாவது. குடும்பம் தெரிந்தால் மீதி வடிவங்களைத் தானே போட்டுக்கொள்ளலாம்.

சென்னையில் 1947இல் தொடங்கப்பட்ட ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியின் பெயரை மேரி என்ற பெயரோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் நிறைய. லத்தீனில் 'ஸ்டேல்ல' விண்மீன். 'மரெ' கடல், அதன் இரண்டாம் வடிவம் 'மரிஸ்', கடலினுடைய. ஆக, கடலின் விண்மீன். இது கன்னி மரியாளுக்கு வழங்கும் பட்டம்தான், ஆனால் சொல்லுக்குள் இருப்பது கடல்.

தமிழ் கைகொடுக்காத இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பால் பொருளைப் பார்த்து வரும்: ஆண், பெண், மற்றதெல்லாம் அஃறிணை. லத்தீனில் அப்படி இல்லை. மேசை, 'மேன்ஸ', பெண்பால். பாதம், 'பேஸ்', ஆண்பால். போர், 'பெல்லும்', அலிப்பால் என்று பழைய நூல்கள் சொல்லும் மூன்றாவது வகை. ஏன் என்று கேட்டுப் பயனில்லை, சொல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டியதுதான். அந்த மூன்றாவது வகையில் மட்டும் ஓர் ஆறுதல்: அதில் எழுவாய்க்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் எப்போதும் ஒரே வடிவம். பெல்லும் என்றால் போர், போரை இரண்டும். நாமும் 'மரம் வெட்டினான்' என்று அஃறிணையில் ஐ-யை விட்டுவிடுகிறோம், 'முருகன் பார்த்தான்' என்று சொன்னால் மட்டும் பொருளே புரண்டுவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டு சொல்லித்தரும் லத்தீன்

அப்லேட்டிவ் வேற்றுமையைப் பழகுவதற்கு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. நாள் 'தியேஸ்', அதன் அப்லேட்டிவ் 'தியே'. சீட்டில் 'பி.டி.' என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் 'பிஸ் தியே', நாளில் இருமுறை. டிடிஎஸ் என்றால் 'டெர் தியே ஸூமென்தும்', நாளில் மும்முறை எடுக்க வேண்டியது. எச்எஸ் என்றால் 'ஹோரா ஸொம்னீ', தூக்கத்தின் நேரத்தில். ஸொம்னுஸ் தூக்கம், ஸொம்னீ அதன் ஆறாம் வேற்றுமை. நேரம் என்ற ஹோர, இங்கே 'நேரத்தில்' என்பதால் கடைசி உயிர் நீண்டு ஹோரா ஆகிவிட்டது. குறில் நெடிலை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு மாத்திரை போதும்.

ஏசி, பிசி என்பவை 'அன்டெ கிபும்', 'பொஸ்ட் கிபும்'. உணவுக்கு முன், உணவுக்குப் பின். உணவு கிபுஸ். நமக்கு முன், பின் என்ற சொற்கள் 'க்கு' கேட்கும், லத்தீனில் அன்டெ, பொஸ்ட் இரண்டும் 'ஐ' கேட்கும், அதனால் கிபும். காலை மாலையைக் குறிக்கும் ஏஎம், பிஎம் இதே ஜோடிதான்: நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின்.

எஸ்ஓஎஸ் என்று எழுதியிருந்தால் சிலர் பயந்துபோவார்கள், ஏதோ கப்பல் மூழ்கும் ஆபத்து என்று. சீட்டில் அது 'ஸீ ஒபுஸ் ஸிட்'. ஸீ என்றால் 'ஆல்' (வந்தால், இருந்தால் என்பதில் வரும் ஆல்), ஒபுஸ் இங்கே தேவை, ஸிட் இருக்குமானால். தேவைப்பட்டால் மட்டும் போட்டுக்கொள், அவ்வளவுதான். சீட்டின் தலையில் போடும் ஆர்எக்ஸ் குறி 'ரெகிபெ' என்பதன் சுருக்கம் என்பார்கள், 'எடுத்துக்கொள்' என்ற ஏவல். சமையல் ரெசிபியும் இதே சொல்தான், மருந்துக் குறிப்பிலிருந்து அடுப்படிக்குப் போனது.

மருத்துவமனையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனாலும் அந்தத் தியே நம்மை விடாது. அவையைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பதற்கு 'ஸினெ தியே' என்று பெயர். ஸினெ என்றால் இல்லாமல், அதற்கு எப்போதும் அப்லேட்டிவ் வேண்டும். கல்லூரியில் வாங்கும் போனஃபைடு சான்றிதழ், 'பொனா ஃபிதே', நல்ல நம்பிக்கையோடு. அப்லேட்டிவ் என்பதில் ஓடு-வும் அடக்கம் என்று மேலே சொன்னது இதுதான்.

வினைச்சொல்லில் ஆள் ஒளிந்திருக்கிறான்

வருகிறேன் என்று சொன்னால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. லத்தீனிலும் அப்படியே. அமோ, நேசிக்கிறேன். அமாஸ், நேசிக்கிறாய். அமட், நேசிக்கிறான், நேசிக்கிறாள், நேசிக்கிறது. அமாமுஸ், நேசிக்கிறோம். அமாடிஸ், பலரைப் பார்த்து நேசிக்கிறீர்கள். அமன்ட், நேசிக்கிறார்கள். ஓ, ஸ், ட், முஸ், டிஸ், ன்ட் என்ற இந்த ஆறு வாலும் கைவசம் இருந்தால் எந்த வினையையும் ஓரளவு பிரித்துவிடலாம். தமிழில் இருக்கிற சில வசதிகள் அங்கே கிடையாது. நாம், நாங்கள் இரண்டுக்கும் ஒரே சொல். மரியாதைப் பன்மையும் செவ்வியல் லத்தீனில் இல்லை. எதிரே நிற்பது பேரரசரே ஆனாலும் ஒருவர் என்றால் 'டூ', நீ தான்.

நமக்குத் தெரியாமலே நாம் லத்தீன் வினைமுற்றுகளைப் பெயர்ச்சொற்களாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். வீடியோ, 'விதெயோ', பார்க்கிறேன். ஆடியோ, 'ஔதியோ', கேட்கிறேன். பாதுகாப்பு அவையில் போடும் வீட்டோ, 'வெடோ', தடுக்கிறேன். மூன்றிலும் கடைசி ஓ, நம் 'ஏன்' விகுதி செய்யும் வேலையைச் செய்கிறது. நீதிமன்றத்தில் கொடுக்கும் அஃபிடவிட், இடைக்கால லத்தீனில் 'சத்தியம் செய்தார்' என்ற இறந்தகால வினை. ட் வால் இருப்பதால் படர்க்கை.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் நீதிப்பேராணைகளிலும் இதே பாடம் இருக்கிறது. மாண்டமஸ், 'மன்தாமுஸ்', ஆணையிடுகிறோம். முஸ் வால். ஆட்கொணர்வு மனுவின் ஹேபியஸ் கார்ப்பஸ், 'ஹபெயாஸ் கொர்புஸ்'. ஸ் வால், எனவே 'நீ'. நடுவில் இருக்கும் ஆ, இது நடப்பதைச் சொல்லாமல் நடக்க வேண்டியதைச் சொல்கிறது என்று காட்டும். உடலை, அதாவது ஆளை, நீ முன்னிலையில் வைத்திருப்பாயாக. கொர்புஸ் மூன்றாவது பால் என்பதால் 'உடலை' என்பதற்கும் அதே வடிவம்.

அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் நான்கு வடிவம் தருவார்கள். எழுது என்பதற்கு 'ஸ்க்ரீபோ, ஸ்க்ரீபெரெ, ஸ்க்ரீப்ஸீ, ஸ்க்ரீப்டும்'. எழுதுகிறேன், எழுத, எழுதினேன், நான்காவது ஏறக்குறைய எழுதப்பட்டது. நான்கும் வேண்டுமா என்றால், வேண்டும். வா வந்தான் ஆகிறது, போ போனான் ஆகிறது, சொல் சொன்னான் ஆகிறது; தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர் இறந்தகாலத்தைத் தனியாகத்தானே படிக்க வேண்டியிருக்கிறது? நமக்கு லத்தீனில் அதே நிலைமை. செய் என்பது 'ஃபகியோ, ஃபகெரெ, ஃபேகீ, ஃபக்டும்'. ஸ்கிரிப்ட், ஃபேக்டரி போன்ற ஆங்கிலச் சொற்கள் நான்காவது வடிவத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள்

ரோமின் சாக்கடை மூடிகளில்கூட இன்றும் பொறித்திருக்கும் எஸ்பிகியூஆர் என்ற நான்கெழுத்துச் சுருக்கம் 'ஸெனாடுஸ் பொபுலுஸ்க்வெ ரோமானுஸ்' என்பதற்கானது. செனட்டும் ரோமானிய மக்களும். பொபுலுஸ் மக்கள், அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் 'க்வெ' நம்முடைய உம். நாம் இரண்டு சொல்லிலும் உம் போடுவோம், அவர்கள் இரண்டாவதில் மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள்.

கேள்விக்கு 'னெ'. விதேஸ், பார்க்கிறாய். விதேஸ்னெ, பார்க்கிறாயா? டூனெ விதேஸ், நீயா பார்க்கிறாய்? எந்தச் சொல்லில் சந்தேகமோ அதில் ஒட்டிவிட்டால் போதும், நம் ஆ-வைப் போலவே. 'கும்' என்றால் ஓடு. பொதுவாகப் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆனால் நான், நீ போன்ற சொற்களில் பின்னால் போய் ஒட்டும்: மேகும் என்னோடு, டேகும் உன்னோடு, வோபீஸ்கும் உங்களோடு. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைத் தாய்மொழிக்கு மாற்றும் வரை நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் 'தொமினுஸ் வோபீஸ்கும்' என்று கேட்டு வளர்ந்த தாத்தா பாட்டிகள் உண்டு. இப்போது ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று சொல்கிறோம், லத்தீனில் அந்த 'இருப்பாராக' கூட இல்லை, 'ஆண்டவர் உங்களோடு' மட்டும்தான்.

நினைவில் நிற்க ஒரு குறுக்கு வழி

தமிழ் திராவிட மொழி, லத்தீனுக்கு உறவில்லை. சமஸ்கிருதம் உறவு. அதனால் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் லத்தீன் சொற்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். தேவன், தெயுஸ். தந்தம், தென்ஸ் (தென்டிஸ்), பல். பாதம், பேஸ் (பெதிஸ்). அக்கினி, இக்னிஸ். நாமம், நோமென். தானம், தோனும். விதவை, விதுவ. வாக்கு, வோக்ஸ். ராஜா, ரேக்ஸ். இப்படி ஒரு இருபது சொல் உழைப்பில்லாமல் கிடைத்துவிடும்.

எண்களும் அப்படியே: ஊனுஸ், துவொ, ட்ரேஸ், க்வட்டுவொர், க்வீன்க்வெ, ஸெக்ஸ், ஸெப்டெம், ஒக்டோ, நொவெம், தெகெம். சப்த, அஷ்ட, நவ, தச தெரிந்தவருக்குக் கடைசி நான்கும் பழைய முகங்கள். பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால்தான் செப்டம்பர் ஏழாம் மாதப் பெயரையும் டிசம்பர் பத்தாம் மாதப் பெயரையும் சுமந்துகொண்டு திரிகின்றன. நூறு 'கென்டும்'. கணக்கில் பையன் சென்டம் எடுத்தான் என்று நம் வீடுகளில் சொல்வது இந்தச் சொல்லைத்தான். கிரிக்கெட்டில் அடிக்கும் சதமும் சொல் வரலாற்றில் அதேதான், ஒன்று ரோம் வழியாக வந்தது, இன்னொன்று சமஸ்கிருதம் வழியாக.

இதில் ஆசை அதிகமாகிவிடக் கூடாது. நிலம் 'டெர்ர', நமக்குத் தரை. பாதை 'விய', நமக்கு வழி. ஒலி ஒத்துப்போகிறதே என்று பரம்பரை உறவு கொண்டாடும் காணொளிகள் ஏராளம். டெர்ர உலர்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது, தரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மனதில் நிறுத்த இந்த ஒற்றுமை உதவினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், வரலாறு என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

ஆங்கிலம் இன்னொரு பக்கம் ஏமாற்றும். 'ஃபமிலிய' என்பதைக் குடும்பம் என்று பெயர்த்தால் பாதிதான் சரி, ரோமர்களுக்கு அது வீட்டு அடிமைகளையும் சேர்த்தது. 'விர்டூஸ்' நற்பண்பு ஆவதற்கு முன் ஆண்மை, துணிவு என்றுதான் இருந்தது. அதற்குள் இருக்கும் 'விர்', ஆண் மகன், நம் வீரன் என்ற சொல்லுக்கு உறவு. 'அரேன' மணல், சண்டைக் களத்தில் பரப்பியதால் களத்துக்கே பெயராயிற்று. பணம் 'பெகூனிய', கால்நடை என்ற 'பெகுஸ்' என்பதிலிருந்து. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று இருந்ததை நினைத்தால் இது நமக்கு விசித்திரமாகத் தோன்றாது. ரோமப் படைவீரர்களுக்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் சாலரி என்ற கதையை மட்டும் நம்ப வேண்டாம். உப்பு என்ற 'ஸால்' அந்தச் சொல்லுக்குள் இருப்பது உண்மை, சம்பளமாக உப்பு அளந்து கொடுத்ததற்குப் பழைய நூல்களில் சான்று இல்லை.

முதல் வாரத்துக்குப் பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்கள்தான் அதிகம் உதவும்: எட் (உம்), ஸெத் (ஆனால்), நோன் (இல்லை), நுன்க் (இப்போது), ஸெம்பெர் (எப்போதும்), உபி (எங்கே), க்விஸ் (யார்), க்வித் (என்ன), கூர் (ஏன்). இவற்றுக்கு வால் தொல்லை பெரும்பாலும் இல்லை. அப்புறம் 'இன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இன் ஸில்வா என்றால் காட்டில். இன் ஸில்வம் என்றால் காட்டுக்குள், உள்ளே போகிற பொருளில். சிறு சொல் ஒன்றுதான், பின்னால் வரும் வால் பொருளை மாற்றுகிறது.

கடைசியாக ஒரு முழு வாக்கியம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை வாசகம், பழைய ரோமானியக் கவிதை வரி ஒன்றிலிருந்து எடுத்தது: 'தொக்ட்ரீன விம் ப்ரோமொவெட் ஈன்ஸிடம்'. பட்டச் சான்றிதழ் வைத்திருக்கும் பலரும் இதைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ப்ரோமொவெட், ட் வால், படர்க்கை ஒருமை: முன்னே நகர்த்துகிறது. நகர்த்துவது எது? எழுவாய் வடிவத்தில் இருப்பது தொக்ட்ரீன ஒன்றுதான், கல்வி. எதை? விம், ம் வால், ஆற்றலை. ஈன்ஸிடம் என்பதிலும் அதே ம் வால் இருக்கிறது. இடையில் வினை புகுந்து பிரித்துவைத்தாலும், விம் என்பதற்கு அடை அதுதான் என்று அந்த ம் காட்டிவிடுகிறது: உள்ளே ஊன்றப்பட்ட, இயல்பாகவே அமைந்த. கல்வி, இயல்பான ஆற்றலை முன்னே கொண்டுசெல்கிறது. அகராதியில் தேடும்போது விம் என்று தேடாதீர்கள், கிடைக்காது. எழுவாய் 'வீஸ்', பன்மை 'வீரேஸ்'. அதிகார வரம்பை மீறிய உத்தரவை நீதிமன்றம் 'அல்ட்ரா வைரஸ்' என்று ரத்து செய்யும்போது அதில் வருவது கிருமி வைரஸ் இல்லை, இந்த வீரேஸ்தான்.